எண்ணூர் பக்கம்

"எந்தப் பக்கம் வலிக்குது?"
எண்ணூர் பக்கம் என்றேன்.
டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.
கடலைப் பார்த்து நின்னா இடது, மேடம்.
எழுதிக்கொண்டார்: இடது.

ஸ்டான்லியில் அறுபத்தெட்டாம் டோக்கன்.
ஆரோக்கிய டென்னிஸ், இருபத்துமூணு.
எனக்கு முன்னால் போனதில் பாதி என் வயசு.
ஒருத்தி ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை,
வெளிச்சம் ஆகாதாம்.

"துடிக்குமா, அழுத்துமா, குத்துமா?"
கொருக்குப்பேட்டை கேட் போட்டிருக்கையில்
கூட்ஸ் போகுமே மேடம், முடியவே முடியாமல்,
பின்னால் நிற்கிற அத்தனை வண்டியும் ஹாரன் அடிக்க,
அப்படி.
அதற்கு அவரிடம் கட்டம் இல்லை.
பேனாவை மேசையில் தட்டிக்கொண்டிருந்துவிட்டு
'துடிக்கும்' மேல் டிக் போட்டார்.

எல்லோரிடமும் ஏற்கெனவே ஒரு காரணம் இருந்தது.
மெடிக்கல் கடைக்காரர் சைனஸ் என்றார்.
சூப்பர்வைசர், செல்போன்.
எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்கா
காதலா என்று மெதுவாகக் கேட்டுவிட்டு
மணலிக் காத்து என்று தானே முடித்தாள்.
அம்மாவுக்கு ஸ்கேன் எடுத்தே ஆகவேண்டும்.
மூன்றாவது வீட்டுப் பையனுக்கு எடுத்தார்களாம்.

மூக்கைத் தொடு. என் விரலைத் தொடு.
நேர்கோட்டில் நட.
கண்ணுக்குள் விளக்கடித்து வெகுநேரம் எதையோ தேடினார்.
காய்ச்சலோட வருதா? இல்லை.
இருமினா கூடுதா? இல்லை.
கை மரத்துப்போகுதா, பேச்சு குழறுதா? இல்லை.
ஒவ்வொரு இல்லைக்கும் அவர் தோள் கொஞ்சம் இறங்கியது.
இல்லை என்று சொல்லி
ஒருவரை நிம்மதியாக்கியது அதுதான் முதல் தடவை.

"நோட்டு?"
போன மாதம் எழுதிவரச் சொன்னது.
பகலில் தூங்கி, இரவில் கன்டெய்னர் யார்டில்
நாலு எழுத்தும் ஏழு எண்ணுமாகப்
பெட்டிகளைக் குறிக்கிற கையெழுத்தில்,

*ஏழாம் தேதி. இரவு ரெண்டு. டீ நாலு.
சாப்பாடு: ஆச்சு. மாத்திரை: ஒன்று.*

*பத்தாம் தேதி. ரெண்டரை. டீ ஐந்து.
சாப்பாடு: ஆச்சு. மாத்திரை: ஒன்று.*

அவர் பக்கத்தைத் திருப்பினார்.
எனக்குத் தெரியாத பக்கம்.
காலி மாத்திரை அட்டைகள்,
என் பேன்ட் பையிலிருந்து, கட்டிலடியிலிருந்து,
பசை தடவி, வரிசையாய், தேதி போட்டு.
என் 'ஆச்சு' ஒவ்வொன்றுக்கும் அருகே பென்சிலில்:
'டப்பா அப்படியே திரும்பி வந்துச்சு.'

"யாரு ஒட்டினது?"
தங்கச்சி. பெலிசியா. பிளஸ் டூ.

பேனா நுனியால் ஓட்டைகளை எண்ணினார்.
பத்து. பதினேழு. இருபத்தாறு.
நான் எழுதியது எட்டு.
ஃபேன் சுற்றுவது கேட்டது.

"உனக்கு வந்தது ஒத்தைத் தலைவலி.
அது பாதிதான். மீதி இந்த ஓட்டைங்க.
வலிக்குப் போட்ட மாத்திரையே
அடுத்த வலியைக் கூட்டிட்டு வருது."
தண்டல் கட்ட இன்னொரு தண்டல் வாங்குற மாதிரியா?
கொஞ்சம் யோசித்தார்.
"அதே மாதிரி."
இதற்கு ஸ்கேன் தேவையில்லை என்றார்.
அம்மா கதவோரம் முகம் வாடி நின்றாள்.

இந்த மாத்திரை இனி வேண்டாம்.
முதல் பத்து நாள் வலி கூடும், பயப்படாதே.
இது வேற, ராத்திரிக்கு ஒண்ணு.
தண்ணி குடி. நேரத்துக்குச் சாப்பிடு.
தினமும் ஒரே நேரத்துக்குத் தூங்கு.

வாராவாரம் ஷிப்ட் மாறும், மேடம்.

பேனா நின்றது.
எழுதியிருந்ததை அடிக்கவும் இல்லை,
அடுத்த டோக்கனைக் கூப்பிடவும் இல்லை.
தன் நெற்றிப்பொட்டை விரலால் அழுத்திக்கொண்டார்,
அவருக்கும் என் வயசுக்கு மேல்
நாலைந்துதான் கூட இருக்கும்.

*நாலாம் நாள். இரவு மூன்று.
எண்ணூர் பக்கம். கூட்ஸ் போகிறது.
எட்டு எல்லாம் மூன்றாகத் தெரிகிறது.
கை ரெண்டு தடவை பைக்குள் போய் வந்தது.
மாத்திரை: இல்லை.
சாப்பாடு: ஆச்சு*

அதை அடித்துவிட்டு,

*பாதி.*